‘இருக்கட்டும், எதுக்காச்சும் ஆவும்’: சேர்த்து வைக்கிறவரோடு சேர்ந்து வீடு ஒழிப்பது எப்படி?

கஜா புயல் கரையேறிய 2018 நவம்பர் 16 அதிகாலையில் எங்கள் ஓட்டு வீட்டின் பின்தாழ்வாரம் பறந்துபோனது. விடிந்ததும் என் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கக் குவியலுக்குள்ளிருந்து பழைய தார்ப்பாய் ஒன்றையும் நைலான் கயிற்றையும் அரிக்கேன் விளக்கையும் எடுத்து வந்தார். கடைத்தெருவில் தார்ப்பாய்க்கு ஆட்கள் அடித்துக்கொண்ட நேரம் அது. பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் கயிறு எங்களிடமிருந்துதான் போனது. மின்சாரம் திரும்பி வர இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. அத்தனை இரவும் அந்த விளக்குதான் எரிந்தது. அதுவரை “எதுக்குங்க இதெல்லாம்?” என்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அதன்பிறகு கேட்க வாயில்லை.

அவருக்கோ அது ஒரு சாட்சியாகிவிட்டது. உரச்சாக்கு, அறுந்த ஒயர், பம்புசெட்டின் உடைந்த பாகம், பெயின்ட் டப்பா, கல்யாணத் தாம்பூலப் பை என்று எது கண்ணில் பட்டாலும் “இருக்கட்டும், எதுக்காச்சும் ஆவும்” என்று வீட்டுக்குள் வந்தது. நான்கைந்து வருடத்தில் வாசலிலிருந்து கூடத்துக்குப் போகும் ரேழியில் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும் என்றானது.

பத்து மா, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்து வருமானத்தில் வாழ்கிற குடும்பம் எங்களுடையது. எதையும் வீணாக்காமல் இருந்ததால்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். அதனால் ‘வேண்டாததைத் தூக்கிப்போடு, தேவைப்பட்டால் வாங்கிக்கொள்’ என்கிற யோசனை எங்களைப் போன்ற வீடுகளுக்குச் சரிப்படாது. மூன்று கோடையாக நான் செய்து பார்த்ததை, இதே நிலையில் இன்றைக்குத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். கணவர் என்று எழுதியிருக்கும் இடத்தில் மனைவி, மாமியார், அண்ணன் என்று யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன்: இது சிக்கனமா, வேறொன்றா?

எனக்குப் பயன்பட்ட கேள்வி ஒன்றுதான். தேவைப்படும் நேரத்தில் அந்தப் பொருளை எடுக்க முடிகிறதா? எடுத்துப் பயன்படுத்த முடிந்தால் அது சிக்கனம். எங்கள் வீட்டில் டார்ச் லைட் ஏழு இருந்தன. இருட்டில் ஒன்றும் கிடைக்காமல் எட்டாவதை வாங்கினோம். மடைக்குப் போக மண்வெட்டியைத் தேடி ஒரு மணி நேரம் போகும், கடைசியில் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குவார். அந்த ஒரு வருடத்தில் வீட்டில் ஏற்கெனவே இருந்தவற்றையே மறுபடி வாங்கிய செலவை நோட்டில் எழுதி வைத்தேன். எங்கள் ஒரு மாத மளிகைச் செலவைத் தாண்டியது. சண்டை போடாமல் அந்தப் பக்கத்தை மட்டும் அவரிடம் காட்டினேன். நான் சொன்ன எந்தப் புத்திமதியையும்விட அது வேலை செய்தது.

சிலருக்கு இது பழக்கத்தையும் தாண்டிப் போகிறது. பொருளைப் பிரிய நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, கட்டிலிலும் அடுப்படியிலும் இடமில்லாமல் போகிறது, உறவுக்காரர் வந்தால் வாசலிலேயே பேசி அனுப்ப வேண்டியிருக்கிறது. இதைத் தனி மனநலக் கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் கையேட்டில் சேர்த்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலிலும் இது உண்டு. இதைச் சொல்வது முத்திரை குத்துவதற்காக இல்லை. அவர் வேண்டுமென்றே நம்மை வதைக்கவில்லை, சோம்பேறியும் இல்லை என்பது நமக்கு உறைக்க வேண்டும் என்பதற்காகத்தான். அது உறைக்காமல் ஒரு சாக்கைக்கூட நகர்த்தாதீர்கள்.

செய்யவே கூடாத ஒன்று

அவர் ஊரில் இல்லாத நாளில் எடுத்துப் போடாதீர்கள். நான் செய்தேன். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவர் போயிருந்தபோது, இரண்டு மூட்டையைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். திரும்பி வந்தவர் கால் கழுவுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் அந்தக் கடைக்கே போய், நான் விற்றதைவிடக் கூடுதல் விலை கொடுத்து முக்கால்வாசியை மீட்டு வந்தார். அதன்பிறகு ஆறு மாதம் பின்னறைக்குப் பூட்டு. சாவி அவர் அரைஞாணில். பணமும் போயிற்று, இடமும் போயிற்று, அதைவிட என் மேல் இருந்த நம்பிக்கை போயிற்று. இப்படித் திடீரென்று காலி செய்தால் அவர்கள் முன்னிலும் வேகமாகச் சேர்ப்பார்கள் என்று பிறகு நான் போய்ப் பார்த்த மனநல மருத்துவரும் சொன்னார்.

இன்னொன்று, ‘குப்பை’ என்ற சொல்லை வீட்டில் நிறுத்துங்கள். ‘சாமான்’ என்றே சொல்லுங்கள். அவர் கையால் தூக்கி வந்த பொருளைக் குப்பை என்றால், அவரையே சொன்னதாகத்தான் காதில் விழும்.

முதல் படி: நடை, அடுப்பு, தண்ணீர்

அழகு பிறகு. உயிருக்கு ஆபத்தான இடங்களை முதலில் பாருங்கள். இதில் எதையும் வெளியேற்ற வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். அதனால் அவரும் சம்மதிப்பார்.

வாசலிலிருந்து கொல்லைக்கதவு வரை, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு திரும்பாமல் நடக்கிற அகலம் வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் அளவுகோல். மீட்டர் பலகைக்குக் கீழேயும் கேஸ் அடுப்பைச் சுற்றிக் கை எட்டும் தூரத்திலும் பேப்பர், சாக்கு, துணி எதுவும் வேண்டாம்.

கொல்லைக் குவியலில் கை வைக்கும் முன் கவனம். வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில் பாம்பு மேட்டைத் தேடி வரும். நம் வீட்டுச் சாக்கு மூட்டைதான் அதற்கு மேடு. பகலில், காலில் செருப்போ பூட்ஸோ போட்டு, நீளக் கம்பால் தட்டிவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். சந்தில் கையை விடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108க்கு அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்தது தண்ணீர் தேங்கும் சாமான். பழைய டயர், உடைந்த தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, பெயின்ட் டப்பா ஆகியவற்றில் டெங்கு கொசு வளரும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். “தூக்கிப் போட வேணாங்க, கவுத்து வச்சா போதும்” என்றேன். அவரே பத்து டயரையும் கூரைக்கு அடியில் அடுக்கினார். நான் கேட்டு அவர் தன் சாமானை நகர்த்திய முதல் நாள் அதுதான்.

விவசாய வீட்டில் பேரம் பேசக்கூடாத ஒரே பொருள் பூச்சிமருந்து. மிச்சம் இருக்கிற மருந்து பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும். காலிப் பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, பாட்டிலில் ஓட்டை போட்டுவிடுங்கள். அதில் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைக்கிற பழக்கம் இன்னும் எத்தனையோ வீட்டில் இருக்கிறது. பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாம் படி: உங்கள் பெட்டியிலிருந்து

அவருடைய மூட்டையைத் தொடாமல், ஒரு மாதம் உங்கள் சாமானை மட்டும் ஒழியுங்கள். நான் என் பீரோவைத் திறந்தபோது வெட்கமாக இருந்தது. தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணி மட்டும் நாற்பத்து மூன்று. எவர்சில்வர் கிண்ணம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய. சேர்த்து வைக்கும் குணம் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

ரவிக்கைத் துணியை நவராத்திரியில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தேன். பழைய நூல் புடவைகள் பிள்ளை பெற்ற வீடுகளுக்குத் தூளிக்குப் போயின. மெத்தென்று இருக்கும், புதுத் துணியைவிட அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். கிழிந்தவற்றைச் சதுரமாக வெட்டிக் கைப்பிடித் துணியாக்கினேன். இதையெல்லாம் அவர் பார்க்கும்படி, கூடத்தில் உட்கார்ந்துதான் செய்தேன். ஒரு நாள் அவரே கேட்டார்: “அந்தப் புடவை யாருக்குப் போச்சு?” தெற்குத்தெருவில் எந்த வீட்டுத் தூளியில் கிடக்கிறது என்று சொன்னேன். தலையாட்டினார். யாருக்கு, எதற்கு என்று தெரிந்தால் பிரிவது அவருக்குச் சுலபமாக இருந்தது. இதுதான் எனக்குக் கிடைத்த சாவி.

மூன்றாம் படி: காலம் பார்த்துத் தொடங்குவது

எங்கள் காவிரி டெல்டாவில் வீடு ஒழிக்க ஏற்ற காலம் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை. சம்பா அறுத்து நெல்லும் விற்றாயிற்று, வயலில் வேலை குறைவு, வெயில் காய்கிறது. எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பலாம், பூச்சியும் ஓடும். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து குறுவைச் சாகுபடி தொடங்கிவிட்டால் அவருக்கு நின்று பேச நேரமிருக்காது. அவசரத்தில் கேட்டால் ‘இருக்கட்டும்’ என்ற பதில்தான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடவே தொடாதீர்கள். ஈரத்தோடு அடுக்கியது பூஞ்சை பிடிக்கும், கரையான் ஏறும்.

போகிக்கு முதல் நாள் மொத்தமாக ஒழிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரே நாளில் நூறு முடிவு எடுக்கச் சொன்னால் எவருக்கும் மூச்சு முட்டும். டயரும் பிளாஸ்டிக்கும் எரித்த புகையை ஊரே மூச்சில் இழுக்க வேண்டியும் வரும். ஆடிப்பெருக்குக்கும் துலா ஸ்நானத்துக்கும் ஆற்றில் துணியை விடுவதும் அப்படித்தான். நாம் குளிக்கிற தண்ணீர் அது, தயவுசெய்து வேண்டாம்.

நான்காம் படி: அரை மணி நேரம், ஒரு டப்பா

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். காலைக் காப்பிக்குப் பிறகு உட்காருவோம். டப்பாவைத் தேர்ந்தெடுப்பது அவர், கொட்டுவது நான். முதல் பத்து நாள் எதையும் வெளியேற்றவில்லை, இனம் பிரித்தோம். திருகாணி ஒரு பக்கம், ஒயர் ஒரு பக்கம், பைப் துண்டு ஒரு பக்கம், பூட்டு ஒரு பக்கம். சாவியில்லாத பூட்டு பதினாறு சேர்ந்தது. ஒரே சாமான் வரிசையாக எதிரில் கிடக்கும்போது யாரும் வாதாட வேண்டியதில்லை. “இதுல எதுங்க நல்லது?” என்று கேளுங்கள். “எதைத் தூக்கிப் போடலாம்?” என்று கேட்காதீர்கள். நல்லதைத் தேர்ந்தெடுப்பது அவருக்குப் பெருமை. பதினாறில் ஆறை எடுத்து எண்ணெய் போட்டு வைத்தார். மற்ற பத்தும் தானாகவே இரும்புப் பக்கம் போயின.

பெட்டி வாங்காதீர்கள். வீடு ஒழிக்கிறேன் என்று பிளாஸ்டிக் டப்பா வாங்கி அடுக்குவது இன்னொரு செலவு, இன்னொரு சாமான். எங்கள் கூடத்து மூலையில் மாமனார் காலத்தில் நெல் கொட்டி வைத்த பத்தாயம் ஒன்று வெறுமனே கிடந்தது. நெல் இப்போது களத்திலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பத்தாயத்தை அவருக்குக் கொடுத்தேன். “இதுக்குள்ள எது இருந்தாலும் நான் கேக்க மாட்டேன். வெளியில இருந்தா மட்டும் நாம ரெண்டு பேரும் பேசலாம்” என்று ஒப்பந்தம். முதல் மாதம் அது பிதுங்கியது. நிரம்பியதும் புதிதாக ஒன்றை வைக்க உள்ளேயிருந்து ஒன்றை எடுக்க வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை, பத்தாயம் சொன்னது. பூச்சிக்கு அடியில் காய்ந்த நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு வருகிறோம். பத்தாயம் இல்லாத வீட்டில் ஒரு டிரம்மோ பரணில் ஒரு பாதியோ போதும். எல்லை கண்ணுக்குத் தெரிய வேண்டும், அந்த எல்லைக்குள் அவருக்கு முழு உரிமை வேண்டும்.

சில நாள் ஒன்றுமே நகராது. அவர் ஒரு பழைய ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரமும் அவர் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் அந்த ரேடியோவை அவரே பத்தாயத்துக்குள் வைத்தார். அதோடு கிடந்த மூன்று உடைந்த ரேடியோக் கூடுகளைக் கொடுத்துவிடச் சொன்னார்.

ஐந்தாம் படி: எது எங்கே போகலாம்

இரும்பு, பித்தளை, பேப்பர்: வீட்டிலேயே தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு கடையில் விலை கேளுங்கள். பித்தளையையும் வெண்கலத்தையும் செம்பையும் கலந்து போடாதீர்கள், விலை வேறு. செம்புக்காக ஒயரை எரிக்க வேண்டாம், அந்தப் புகை நஞ்சு. பழைய அண்டா, தவலை, நாச்சியார்கோவில் விளக்கு போன்றவற்றை எடைக்குப் போடும் முன் கும்பகோணத்துப் பாத்திரக்கடைகளில் காட்டிக் கேளுங்கள். முக்கியமாக, விற்ற பணத்தை அவர் கையில் கொடுங்கள். எங்கள் முதல் விற்பனைப் பணத்தில் அவர் மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டினார். அதன்பிறகு “அடுத்த மூட்டை எப்போ?” என்று கேட்டவர் அவர்தான்.

அரசு கொடுத்த சாமான்: 2006க்குப் பிறகு வந்த இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011க்குப் பிறகு வந்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் பல வீடுகளில் பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றன. மின்விசிறியும் மிக்சியும் ஓடுகிறதா என்று பார்த்துத் தனிக்குடித்தனம் போகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். எங்கள் மிக்சி அப்படித்தான் போனது.

காகிதத்துக்கு மட்டும் அவசரம் கூடாது. ஒவ்வொரு கட்டையும் தாள் தாளாகப் புரட்டுங்கள். மூலப்பத்திரம், பட்டா, கிஸ்தி ரசீது, கூட்டுறவு சங்கக் கடன் தீர்ந்த ரசீது, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவை தனியாக ஒரு தகரப்பெட்டிக்குப் போகட்டும். எங்கள் வீட்டில் ஒரு பழைய பாஸ்புத்தகத்துக்குள், 2016 நவம்பரில் செல்லாமல் போன ஐந்நூறு ரூபாய்த் தாள் நான்கு கிடைத்தன. நேரத்தில் தேடியிருந்தால் 2000 ரூபாய். அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓலைச்சுவடியோ மிகப் பழைய கையெழுத்துத் தாளோ கிடைத்தால், தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்திலோ தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையிலோ காட்டாமல் விடாதீர்கள்.

ஆறாம் படி: உள்ளே வருவதைக் குறைப்பது

வெளியே போவதைவிட இது கடினம். எங்கள் ஏற்பாடு: வழியில் கிடைத்தது, யாரோ கொடுத்தது எதுவானாலும் முதலில் திண்ணையில்தான் இருக்கும். ஏழு நாளுக்குள் அதற்கு ஒரு வேலை வந்தால் உள்ளே வரும். வராவிட்டால் அவரே வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். நான் காவல் பார்ப்பதில்லை.

கூடவே ஒரு நோட்டும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. டார்ச் எங்கே, எம்-சீல் எங்கே, மடை வெட்டும் மண்வெட்டி எங்கே என்று எழுதியிருக்கும். கடைக்குப் போகும் முன் அதைப் பார்ப்பது இருவருக்கும் கட்டாயம். மறுபடி வாங்கிய செலவு இந்த வருடம் இரண்டே வரியில் முடிந்தது.

புயலுக்கென்று ஒரு மூட்டை தனியாக வைத்தோம். தார்ப்பாய், கயிறு, விளக்கு, திரி, மண்ணெண்ணெய், மெழுகுவத்தி, பேட்டரி. புரட்டாசிக் கடைசியில் ஒருமுறை பிரித்துச் சரிபார்ப்பார். அவருடைய பயம் நியாயமானது. கஜாவை அனுபவித்தவர்களிடம் ‘அப்படியெல்லாம் வராது’ என்று எப்படிச் சொல்வது? அந்தப் பயத்துக்கு ஒரு மூட்டை ஒதுக்கியதும் மற்ற மூட்டைகளின் மேல் இருந்த பிடி கொஞ்சம் தளர்ந்தது.

எப்போது வெளியே உதவி கேட்பது

கெட்டுப்போன உணவையும் விட மனமில்லை, படுக்க இடமில்லை, ஒரு டப்பாவைத் திறந்தாலே கை நடுங்குகிறது, கோபம் கை ஓங்கும் அளவுக்குப் போகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். வயதானவருக்கு இந்தப் பழக்கம் திடீரென்று தொடங்கினால், மறதி நோயாகவும் இருக்கலாம். மருத்துவர் பார்க்கட்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சைதான் இதற்கு முக்கியமாகத் தருகிறார்கள். அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள். நான் அப்படித்தான் போனேன். நாலாவது மாதம் அவரும் பஸ் ஏறினார்.

உங்களுக்கென்று ஓர் இடமும் வேண்டும். எனக்குப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவு. அங்கே அவர் எதையும் வைக்க மாட்டார் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

போன தை மாதம் உறவில் மூன்று கல்யாணம். தாம்பூலப் பையும், மிஞ்சிய பாக்குமட்டைத் தட்டும், பந்தல்காரர் விட்டுப்போன கயிறுமாக ரேழி மறுபடி நிரம்பியது. மூன்று வருட உழைப்பும் போயிற்று என்று நான் அழுதேன். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து நடந்து பார்த்தேன். நடுவில் இடித்தது. “ஏங்க, குடம் இடிக்குது” என்றேன். அவர் எழுந்து வந்து தட்டுக் கட்டுகளைத் திண்ணைக்கு நகர்த்தினார். மாசியில் வெயில் வந்ததும் இருவரும் உட்கார்ந்தோம், முதல் டப்பாவை அவரே எடுத்தார்.